நரித்தீவு தாண்டினால் இருட்டில் வரவும்

குளிரில் படம் எடுக்கப் போகிறவர்கள் கேமரா பேட்டரியை உள்சட்டைக்குள், உடம்புச் சூட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும். பலருக்கு இது தெரிவதில்லை. எங்கெங்கிருந்தோ வருகிறார்கள், விலை உயர்ந்த கேமராவை முக்காலியில் நிறுத்துகிறார்கள், வானம் பச்சையாகப் பற்றிக்கொள்கிற நேரம் பார்த்துப் பேட்டரி செத்துப்போகும். கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். நான் அந்தப் பேட்டரியை வாங்கி என் அக்குளில் சற்று நேரம் இடுக்கி வைத்திருந்து, சூடேறியதும் திருப்பிக் கொடுப்பேன். முகம் தெரியாதவர்களுக்கு இவ்வளவு செய்கிறவள் நான். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், தம்பி.

நீங்கள் கூப்பிட்டு நான் வரவில்லை, நானாகத்தான் வந்தேன். அன்றைக்கு உங்களோடு வந்த பெரிய போலீஸ் அதிகாரியிடம் நான் சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் சிலதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இப்போது சொல்ல வேண்டிய அவசியம் வந்துவிட்டது. என்ன அவசியம் என்று கடைசியில் சொல்கிறேன். எனக்கு எதையும் வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம்.

என் பெயர் ரிஸ்தின். ராவ்தோ ஏரியின் வடகரையில், நீள்முனையில் இருக்கிற மரவீடு என்னுடையது. சாமி என்கிற எங்கள் வடக்குப் பழங்குடி இனத்துக்காரி என்றாலே வெளியார் கலைமான் எத்தனை வைத்திருக்கிறாய் என்று கேட்பார்கள். எனக்கு மானும் கிடையாது, மானை விரட்டிக்கொண்டு ஓடுகிற காலும் கிடையாது. நான் வட ஒளியை, குளிர்கால வானத்தில் ஆடுகிற அந்தப் பச்சை வெளிச்சத்தைப் படம் எடுக்கிறவள். இந்தப் பக்கத்தில் விற்கிற அஞ்சலட்டைகளில் முக்கால்வாசி என் முனையிலிருந்து எடுத்தவைதான். சூரியன் தலைகாட்டாத இருட்டுக் காலத்தில் மற்றவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துக் கிடப்பார்கள். எனக்கு அதுதான் அறுவடைக் காலம்.

வட ஒளியைப் படம் எடுக்கக் கேமராவின் ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் எவனாவது ஒரு முன்விளக்கை இந்தப் பக்கம் திருப்பினால் போயிற்று, படம் முழுக்க வெளுத்துவிடும். அதனால் எங்கள் ஏரியில் ஒரு ஒழுங்கு உண்டு. என் முனையில் உள்ள கம்பத்தில் சிவப்பு லாந்தர் எரிந்தால், ரிஸ்தின் ஷட்டரைத் திறந்திருக்கிறாள் என்று பொருள். ஏரியின் நடுவில் நரித்தீவு என்று ஒரு திட்டு இருக்கிறது. அதைத் தாண்டி வருகிறவர்கள் தங்கள் பனி ஸ்கூட்டரின் முன்விளக்கை மூடிக்கொண்டுதான் வர வேண்டும். ஊர்க்கரைப் படகுத்துறையில் நானே ஒரு பலகை எழுதி அடித்திருக்கிறேன். நரித்தீவு தாண்டினால் இருட்டில் வரவும் என்று. விளக்கின் மேல் இழுத்து மூட மான்தோலில் உறை தைத்து வீட்டுக்கு ஒன்று கொடுத்தவள் என் தங்கை சுன்னா. தையலில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

இருட்டில் எப்படி வருவார்கள் என்று கேட்பீர்கள். கடற்கரைக்காரர் நீங்கள், ஏரி உங்களுக்குப் பழக்கமில்லை. ஏரி உறைந்ததும் முதலில் ஒருவர் கடப்பாரையால் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே நடந்து, கெட்டியான இடமாகத் தேடி பிர்ச் மரக் கம்புகளை வரிசையாக நட்டுக்கொண்டு போவார். அந்த வரிசைதான் எங்களுக்குச் சாலை. எங்கள் ஏரியில் அந்த வேலையை நானும் சுன்னாவும் செய்கிறோம், அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டு வேலை அது. நட்ட கம்பை ஒருவரும் தொட மாட்டார்கள். குடித்துவிட்டு ஊரையே ரகளை பண்ணுகிறவன்கூடத் தொட மாட்டான். ஸ்கூட்டர் ஓட்டுகிறவன் ஏரியைப் பார்ப்பதில்லை, அடுத்த கம்பைத்தான் பார்ப்பான். வெண்பனியில் கறுப்பாகத் தெரியும், நட்சத்திர வெளிச்சமே போதும்.

என் முனைக்குக் கொஞ்சம் கிழக்கே ஆறு வந்து ஏரியில் விழுகிற இடம் ஒன்று இருக்கிறது. அடியில் நீர் ஓடிக்கொண்டே இருப்பதால் அங்கே ஐஸ் எப்போதும் மெலிசுதான். மேலே பனி விழுந்துவிட்டால் பார்வைக்கு எல்லா இடமும் ஒன்றாகவே இருக்கும். எங்கள் கம்பு வரிசை அந்த இடத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டு வரும்.

இனி சுன்னாவைப் பற்றிச் சொல்கிறேன். அம்மா போனபோது அவளுக்குப் பூட்ஸ் நாடாகூடக் கட்டத் தெரியாது. நான்தான் கட்டிவிடுவேன். பெரியவளான பிறகும் சில நாள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, கட்டிவிடு என்பது போல என் முகத்தைப் பார்ப்பாள். கட்டிவிடுவேன். அவள் சின்னவளாக இருந்த காலத்தில் மீன்பிடிப் படகு வைத்திருந்த ஒருவர் என்னைப் பெண் கேட்டு வந்தார். நல்ல மனிதர். சுன்னா அழுதாள், நான் அவரை அனுப்பிவிட்டேன். இதை ஒருநாளும் அவளிடம் நான் சொல்லிக்காட்டியதில்லை. அவள் மறந்துவிடக் கூடாதே என்று எப்போதாவது நினைவுபடுத்தியிருக்கிறேன், அவ்வளவுதான்.

எய்வின் தெற்கே இருக்கிற பெர்கன் நகரத்துக்காரர். வட ஒளியைப் படம் எடுக்க வந்து, பேட்டரி செத்துப்போய், என் முற்றத்தில் நின்றவர்தான். அவருடைய பேட்டரியையும் நான்தான் சூடாக்கிக் கொடுத்தேன். அடுத்த குளிர்காலத்தில் மறுபடி வந்தார், அதற்கடுத்த கோடையில் சுன்னாவைக் கல்யாணம் செய்துகொண்டு தென்கரையில் ஊருக்குள்ளேயே குடியேறினார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கேட்காமலே எனக்கு விறகு பிளந்து அடுக்குவார். நாங்கள் காபியில் பாலாடைக்கட்டித் துண்டு போட்டுக் குடிப்பதைப் பார்த்து முதல் நாள் முகத்தைச் சுளித்தார், அடுத்த மாதம் பாத்திரத்தில் மிச்சம் இருக்கிறதா என்று கரண்டியால் துழாவினார். ஊர் அவரை ஏற்றுக்கொண்டுவிட்டது. என்ன, அவருக்கு வட ஒளியைப் பார்த்தால் விசிலடிக்காமல் இருக்க முடியாது. ஒளியைப் பார்த்து விசிலடிக்கக் கூடாது என்று எங்கள் ஆட்கள் பயப்படுவார்கள். கலைமான்காரர் ஆன்தே ஒருநாள் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, விசிலடிச்சா அது இறங்கி வந்து ஆளைத் தூக்கிட்டுப் போயிடும். அப்புறம் உங்களைத் தேடிட்டு எங்களால அலைய முடியாது."

"வரட்டுமே, கிட்ட வந்தா லென்ஸ் மாத்தாமலே எடுத்துக்குவேன்" என்றார் எய்வின்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆன்தே சிரித்துக்கொண்டே தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனால் பின்னால் அது உதவியாக இருந்தது, அதனால் சொல்கிறேன்.

ஏரி உறையத் தொடங்கிய சமயம் சுன்னா என் வீட்டுக்கு வந்தாள். மான்கறிக் குழம்பு வைத்திருந்தேன். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் சொன்னாள்.

"அக்கா, பெர்கன்ல ஒரு மியூசியத்துல எனக்கு வேலை கிடைச்சிருக்கு. பழைய தோல் உடுப்பெல்லாம் பழுதுபாக்குற வேலை. கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே போறோம்."

திரும்பி எப்போது வருவாய் என்று கேட்டேன். கோடையில் வருவேன் என்றாள். கோடையில் வட ஒளி தெரியாதே என்றேன்.

"நான் உன்னைப் பாக்கத்தானே வருவேன், வெளிச்சத்தைப் பாக்கவா வரப்போறேன்?" என்று சொல்லி என் தோளில் சாய்ந்தாள்.

கோடையில் வருகிறவர்களுக்கு எங்கள் ஊரில் விருந்தாளி என்று பெயர். அதை அவளிடம் சொன்னேன். அவள் சாய்ந்த தலையை எடுத்துக்கொண்டாள். அப்புறம், அக்கா, எனக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் வேணும் என்றாள். இந்த ஏரியும் மலையும் போதாதென்று பெர்கனில் போய் மூச்சு விடப் போகிறாளாம். பெர்கனில் மழை பெய்யும், அதைத் தவிர அந்த ஊரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அது எய்வின் சொல்லிக்கொடுத்த பேச்சு என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. என் சுன்னாவுக்கு அப்படியெல்லாம் பேச வராது.

நான் எடுத்தவுடன் எதையும் செய்துவிடவில்லை. முறைப்படி எல்லா வழியும் பார்த்தேன். போதகரிடம் சொல்லிப் பேசச் சொன்னேன். அவர் பேசப் போய், அவர்கள் வீட்டில் கேக் சாப்பிட்டுவிட்டு வாழ்த்திவிட்டு வந்தார். ஒரு வாரம் நோயாகக்கூடப் படுத்துப் பார்த்தேன். சுன்னா வந்து கூடவே இருந்து கஞ்சி வைத்துக் கொடுத்தாள், ஆனால் என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாமான்களுக்கு அட்டைப்பெட்டி மடித்தாள். கடைசியில் எய்வினிடமே நேராகக் கேட்டேன். மாப்பிள்ளை, நீங்கள் போய்வாருங்கள், அவள் இங்கே இருக்கட்டும் என்றேன்.

"அவ என்ன பெட்டியா அக்கா, வச்சிட்டுப் போறதுக்கு?" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சொன்னா. எனக்கு இந்த ஊர் பிடிச்சிருக்கு. போகணும்னு சொல்றது அவதான்."

அவர் அப்படித்தான் சொல்வார். ஒரு பெண்ணைப் பிறந்த மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறவன், பழியை அவள் தலையிலேயே போடாமல் யார் தலையில் போடுவான். எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. இந்த மனிதர் இல்லாவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று தோன்றியது. அடுப்பில் கரி தட்டும்போது தோன்றிய சாதாரண யோசனைதான் அது.

அவர்கள் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு. நல்ல ஒளி வரப்போகிறது என்று காலையிலேயே தெரிந்துவிட்டது. நான் எய்வினுக்குப் போன் செய்து, இதுதான் கடைசி வாய்ப்பு, பெரிய லென்ஸை எடுத்துக்கொண்டு சாயங்காலம் வாருங்கள், சேர்ந்து எடுப்போம் என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். நான் ராசியாகிவிட்டேன் என்று நினைத்திருப்பார். அன்றைக்கு ஊரில் எல்லோரும் தேவாலயத்தில் காபிக்குக் கூடுகிற நாள், ஏரியின் மேல் வேறு ஒருவரும் வர மாட்டார்கள். அதை இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். சம்பந்தமில்லாத ஒருவருக்கு ஒரு கீறல்கூட விழக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன், தம்பி. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். நரித்தீவுக்கும் என் முனைக்கும் நடுவில் வரிசை வளைகிற இடத்தில் சில கம்புகளைப் பிடுங்கி, ஆறு விழுகிற பக்கமாகத் தள்ளித் தள்ளி நட்டேன். பெரிய வேலை ஒன்றுமில்லை. குழியில் கம்பை நிறுத்தித் தண்ணீரை ஊற்றினால் சிமென்ட் போட்டது போலப் பிடித்துக்கொள்ளும். ரொம்பக் கிட்டே நான் போகவில்லை, எனக்கு அந்த ஐஸைத் தெரியும். வரிசை அந்தப் பக்கம் பார்த்து நின்றாலே போதும், ஸ்கூட்டரின் வேகம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பழைய தடத்தைப் பனி தள்ளி மூடினேன். முன்விளக்கு எரிந்தால் இதெல்லாம் ஏமாற்றாது, வளைவு மாறியிருப்பது யாருக்கும் தெரிந்துவிடும். அதனால் கம்பத்தில் சிவப்பு லாந்தரை ஏற்றினேன்.

நான் யாரையும் கொல்ல முயன்றேன் என்று நீங்கள் எழுதினால் அது சரியாக இருக்காது. நான் சில கம்புகளை இடம் மாற்றி நட்டேன். விளக்கை மூடுவதும் மூடாததும் ஓட்டுகிறவர் விருப்பம். எய்வின் முதல் வருஷம் இரண்டு முறை விளக்கோடு வந்து என் படத்தைக் கெடுத்திருக்கிறார். நான் திட்டியபிறகுதான் திருந்தினார். அன்றைக்கும் அவர் பழைய எய்வினாக வந்திருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

சாயங்காலம் ஒளி வந்தது. சும்மா சொல்லக்கூடாது, இந்தக் குளிர்காலத்திலேயே அதுதான் சிறந்தது. முதலில் மலை விளிம்பில் மெலிதாகப் புகைந்தது. பிறகு அடுப்பில் பால் பொங்கி வழிவதுபோல நாலாபக்கமும் வழிந்தது. பச்சைக்கு அடியில் ஊதா வந்தது. எங்கள் மொழியில் அதன் பெயருக்குக் காதில் விழுகிற வெளிச்சம் என்று பொருள் சொல்வார்கள். நான் இத்தனை காலம் அதன் கீழே நின்றும் எதுவும் கேட்டதில்லை. முக்காலியை நிறுத்தி, சட்டைக்குள்ளிருந்து பேட்டரியை எடுத்துப் போட்டு, எடுத்துக்கொண்டே இருந்தேன். வெறுமனே காத்துக்கொண்டு நிற்பதற்கு வேலை செய்வது நல்லது. நெற்றியில் ஒரு டார்ச் கட்டியிருந்தேன், அணைத்துத்தான் வைத்திருந்தேன்.

ஊர்க்கரையிலிருந்து ஸ்கூட்டர் சத்தம் கிளம்பியது. அதன் விளக்கு சின்னதாகத் தெரிந்து, பெரிதாகிக்கொண்டே நரித்தீவுக்கு வந்தது. நான் ஷட்டரைத் திறந்தேன்.

எய்வினுக்கு விளக்கை மூடுவது ஒரு பெரிய சடங்கு. தீவுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்துவார், இறங்குவார், கையுறையைப் பல்லில் கடித்துக்கொண்டு உறையோடு மல்லுக்கட்டுவார், மறுபடி ஏறிக் கிளப்புவார். கரையில் நின்று கேட்கிற எனக்கே அலுத்துவிடும். அன்றைக்கு வண்டி நிற்கவில்லை. எஞ்சின் சத்தம் ஒரு சுருதிகூட இறங்காமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே விளக்கு சட்டென்று மறைந்தது. ஓட்டிக்கொண்டே இடக்கையை நீட்டி ஒரே இழுப்பில் மூடுகிறவள் இந்த ஏரியில் ஒருத்திதான் இருக்கிறாள். அந்த உறையைத் தைத்தவள் அவள்.

அதனால், அன்றைக்கு இருட்டில் யார் வந்ததென்று தெரியாது என்று பெரிய அதிகாரியிடம் நான் சொன்னது சரியல்ல. தெரிந்தது. தெரிந்த பிறகு நேரமும் இருந்தது. தீவிலிருந்து வரிசை வளைகிற இடம்வரை நிதானமாக ஒரு குவளை காபியைக் குடித்து முடிக்கலாம். என் கை நெற்றிக்குப் போனது. டார்ச் பொத்தான்மேல் விரல் இருந்தது. ஷட்டர் திறந்திருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தேன். பழக்கதோஷம், பொய் சொல்லவில்லை.

அடுத்து நினைத்தது வேறு. விளக்கைப் போட்டு ஆட்டினால் அவள் நிறுத்துவாள். நிறுத்தித் தன் விளக்கைத் திறந்து பார்ப்பாள். ஒவ்வொரு வருஷமும் என்னோடு நடந்து கம்பு நட்டவள், ஒரு பார்வையில் எல்லாம் புரிந்துவிடும். யாருக்காக மாற்றி நட்டேன் என்பதும் புரிந்துவிடும். அப்புறம் அவள் பெர்கனுக்குப் போவாள். கோடையில்கூட வர மாட்டாள். என் பெயரைச் சொல்ல மாட்டாள். நான் செத்தாலும் வர மாட்டாள். அதை மட்டும் என்னால் தாங்கிக்கொள்ள முடியாது. நான் கல்நெஞ்சக்காரி இல்லை. பொத்தான்மேல் வைத்த விரலை எடுத்துக் கையுறைக்குள் விட்டுக்கொண்டேன்.

எஞ்சின் சத்தம் ஒரு முறை உறுமி அடங்கியது. ஐஸ் உடைகிற சத்தம் பெரிதாக ஒன்றும் வராது, அட்டைப்பெட்டியை மடிக்கிற மாதிரி இருக்கும். பிறகு அவள் குரல் வந்தது.

"அக்கா, லைட் போடு. எந்தப் பக்கம் ஏறணும்னு தெரியல."

பதறவில்லை அவள். தண்ணீரில் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நான்தான் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அதன்படியே நடந்துகொண்டாள். கொஞ்ச நேரம் தண்ணீர் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் மறுபடி கூப்பிட்டாள்.

"அக்கா, இருக்கியா?"

இருந்தேன். அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். பெரிய அதிகாரி கேட்டபோது ஒளியின் சத்தம் என்று நினைத்துவிட்டேன் என்று சொன்னேன், அவர் எங்கள் மொழி தெரிந்தவர், தலையை ஆட்டிக்கொண்டு எழுதிக்கொண்டார். அது ஒளியின் சத்தம் இல்லை. குரல் நின்ற பிறகுதான் ஷட்டரை மூடினேன். அதிக நேரம் திறந்திருந்ததால் படம் கலங்கிப் பச்சைக் குழம்பாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்று அழித்துவிட்டேன்.

பிறகு போய், இடம் மாற்றிய கம்புகளையெல்லாம் பிடுங்கி, பழைய இடத்தில் ஒழுங்காக நட்டேன். அப்படியே விட்டால் அந்த வழியாக வருகிற வேறு யாராவது விழுந்துவிடுவார்கள். அதற்கப்புறம்தான் வீட்டுக்குள் போய் உதவிக்குப் போன் செய்தேன். தேவாலயத்திலிருந்து ஆட்கள் அப்படியே ஓடிவந்தார்கள். ஆன்தேதான் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி அவளைத் தூக்கினார். அவளுடைய பூட்ஸ் நாடா ஒன்று அவிழ்ந்திருந்தது. நான் உட்கார்ந்து கட்டிவிட்டேன். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன்.

எய்வினுக்கு அன்று வீட்டுச் சாமான் ஏற்றுகிற லாரிக்காரர் போன் செய்துகொண்டே இருந்தாராம். அக்கா தனியாக இருப்பாள், கடைசி நாள், நானே போகிறேன் என்று சுன்னா சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாளாம். என் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு அவர் திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

"நான் போயிருக்கணும் அக்கா. நான் போயிருக்கணும்."

"ஆமா மாப்பிள்ளை, நீங்கதான் வந்திருக்கணும்" என்றேன்.

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவள் இல்லை நான். அந்த நேரத்தில் அதுதான் வாயில் வந்தது. ஊரில் அடுத்த நாளே பேச்சு கிளம்பிவிட்டது. புருஷன் விசிலடித்தான், ஒளி இறங்கி வந்து பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று. யாரும் அவர் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை, கடையில் அவர் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். நான் அப்படிச் சொல்லவில்லை. என்னிடம் கேட்டவர்களிடம் பெருமூச்சு விட்டேன். அவர்களாக என்ன நினைத்துக்கொண்டார்களோ எனக்குத் தெரியாது.

நான் இப்படியே பேசாமல் இருந்திருப்பேன். உங்கள் ஆட்கள் விபத்து என்று எழுதி முடிக்கப் போவதாக ஆன்தேதான் சொன்னார். சுன்னாவை அம்மாவுக்குப் பக்கத்தில் வைப்பார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இடம்கூடப் பார்த்துவிட்டேன், வேலி ஓரம், அங்கிருந்து ஏரி தெரியும். நேற்று போதகர் என் வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்று, எய்வின் அவளைப் பெர்கனுக்குக் கொண்டுபோகப் பிரியப்படுகிறார் என்றார். கணவருக்குத்தான் அந்த உரிமையாம். சட்டமே அப்படித்தானாம்.

நான் உடனே ஊர்க்கரைக்குப் போய் எய்வினைப் பார்த்தேன். பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது. எவ்வளவோ தன்மையாகச் சொல்லிப் பார்த்தேன். கெஞ்சிக்கூடப் பார்த்தேன், நான் யாரிடமும் கெஞ்சுகிறவள் இல்லை.

"அந்த ஏரியைப் பாத்துக்கிட்டு அவ படுத்திருக்கணுமா?" என்றார். "அவளைக் கொன்ன ஏரி அக்கா அது. அங்க அவளை விட்டுட்டு நான் போக மாட்டேன்."

வீடு திரும்பினேன். ராத்திரி முழுக்க யோசித்தேன். எய்வின் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஏரிதான் கொன்றது என்று நம்புகிறவர் அப்படித்தான் பேசுவார், அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் பேசுவேன். ஆனால் அது உண்மையில்லையே. நாங்கள் நட்ட வழியில் ஐஸ் கெட்டியாகத்தான் இருந்தது, ஆள் போனாலும் வண்டி போனாலும் தாங்கும். வேண்டுமானால் நீங்களே போய்க் கடப்பாரையால் குத்திப் பாருங்கள். அதனால்தான் காலையில் முதல் வேலையாகக் கிளம்பி வந்தேன்.

நான் சொன்னதையெல்லாம் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமோ கையெழுத்துப் போடுகிறேன். லாரி நாளைக்குக் கிளம்புகிறது, அதற்கு முன்னால் எய்வினிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், தம்பி. ஏரி ஒன்றும் செய்யவில்லை, செய்தது அக்காதான் என்று சொல்லுங்கள். எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்கிறவர்தான் அவர். அதற்குப் பிறகு அவளை இங்கிருந்து கொண்டுபோக அவருக்கு ஒரு காரணமும் இருக்காது.